ஐ-யா, மீ-யா?

இன்டர்ன்ஷிப் மெயில்ல 'ப்ளீஸ் கால் மை ஃப்ரெண்ட் ஆர் ஐ'ன்னு எழுதிட்டு, ஸ்டைலா இருக்குன்னு நினைச்சேன். தப்பு. கூட இருக்கிற ஆளைத் தூக்கிட்டுப் படிங்க: 'ப்ளீஸ் கால் ஐ'. காதே சொல்லிடும், 'மீ'தான் சரி.

கல்வராயன் மலை மேகம் அருவிக்குப் போனது 'மை ஃப்ரெண்ட் அண்ட் ஐ'. அங்கே ஒருத்தர் போட்டோ எடுத்தது 'மை ஃப்ரெண்ட் அண்ட் மீ'யை. தமிழ்ல 'நான்' வேற்றுமையில 'என்னை' ஆகுதே, அதே மாதிரிதான். செய்றவர் ஐ, செயல் நம்ம மேல வந்தால் மீ. 'ஃபார்', 'வித்', 'பிட்வீன்' பின்னாடியும் மீதான்.

ஆனா ஒரு இடத்துல தமிழ் நம்மள ஏமாத்தும்: 'எனக்குப் பிடிக்கும்' இங்கிலீஷ்ல 'ஐ லைக்'. 'எனக்கு'ன்னு பார்த்ததும் மீ போட்டுடாதீங்க!