வழிகாட்டும் செயலியை எதுவரை நம்பலாம்?

2024 நவம்பர் 24 அன்று, உத்தரப் பிரதேச மாநிலம் பரேலி மாவட்டத்தில் ஃபரீத்பூர் அருகே, ராம்கங்கா ஆற்றுப் பாலத்தின் மேல் ஒரு கார் ஏறியது. பாலத்தின் ஒரு பகுதியை முன்பே வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. செயலியின் திரையிலோ அந்தச் சாலை அறுபடாமல் மறுகரை வரை நீண்டிருந்தது. கார் ஆற்றில் விழுந்தது. உள்ளே இருந்த மூன்று பேரும் இறந்தார்கள். பாலத்தை முறையாக அடைக்கவில்லை, எச்சரிக்கைப் பலகை வைக்கவில்லை என்று மாநிலப் பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் நான்கு பேர் மீது காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. கூகுள் மேப்ஸ் அலுவலர் ஒருவரும் பெயர் குறிப்பிடப்படாமல் முதல் தகவல் அறிக்கையில் சேர்க்கப்பட்டார்.

நம் பக்கத்திலும் இப்படி நடந்திருக்கிறது. 2023 அக்டோபரில், கேரளாவின் எர்ணாகுளம் மாவட்டத்தில் கனமழை பெய்த ஓர் இரவில், இளம் மருத்துவர்கள் இருவர் காரோடு ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். அவர்கள் செயலி காட்டிய வழியில் வந்ததாகவே உடன் வந்தவர்கள் கூறினார்கள். 2024 ஜனவரியில், நீலகிரி மாவட்டம் கூடலூரில் குறுக்கு வழி தேடி வந்த ஒரு கார் குடியிருப்புப் பகுதியின் படிக்கட்டில் இறங்கிச் சிக்கிக்கொண்டது. நல்லவேளையாக அதில் யாருக்கும் ஆபத்து இல்லை.

செயலியே வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. தெரியாத ஊரில் ஆம்புலன்ஸ் ஓட்டுபவர் முதல் சரக்கு வண்டி ஓட்டுநர் வரை அதன் துணையில்தான் போகிறார்கள். ஆனால் அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது, அதை நம்பிப் போய்ப் பாதிக்கப்பட்டால் சட்டம் யாரைக் கேட்கும் என்பதை வண்டி ஓட்டும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

செயற்கைக்கோளுக்குத் தெரிந்ததும் தெரியாததும்

ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை கிடைத்தால், நீங்கள் நிற்கும் இடத்தை உங்கள் போன் கணக்கிட்டுவிடும். செயற்கைக்கோளின் வேலை அதோடு முடிந்தது. சாலை எங்கே போகிறது, பாலம் இருக்கிறதா, தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடுகிறதா என்பது எதுவும் அதற்குத் தெரியாது. அவையெல்லாம் செயலி நிறுவனம் வைத்திருக்கும் வரைபடத்திலிருந்து வருபவை. அந்த வரைபடம் எவ்வளவு புதியதோ அவ்வளவுதான் வழியும் சரியாக இருக்கும்.

நெரிசல் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு சாலையில் நகரும் போன்களின் வேகத்தை வைத்துத்தான் செயலி அதைச் சிவப்பாகவோ பச்சையாகவோ காட்டுகிறது. அடைபட்ட சாலையில் வண்டியே போகாது. எனவே அங்கே நெரிசலும் தெரியாது. சாலை மூடப்பட்ட செய்தியை யாராவது செயலிக்குச் சொல்லியிருந்தால்தான் அது வேறு வழி காட்டும். அதனால் மழைக்காலத்தில், 'காலியாக இருக்கிறது, சீக்கிரம் போய்விடலாம்' என்று செயலி காட்டும் கிராமச் சாலையைக் கூடுதல் கவனத்தோடு பார்க்க வேண்டும்.

மலைப்பாதைகளில் பலர் ஒரு விஷயத்தைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இணையம் போனாலும் ஜிபிஎஸ் நிற்காது. திரையில் நீலப் புள்ளி இருக்கும். அதைச் சுற்றி வரைபடம்தான் இருக்காது. போக வேண்டிய பகுதியின் வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கி வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. அதில் வழி தெரியும். அன்றைய நெரிசலும் சாலை அடைப்பும் தெரியாது.

இருசக்கர வாகனத்துக்கான வழி கூகுள் மேப்ஸில் 2017 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தது. காரில் உட்கார்ந்துகொண்டு பைக் படத்தைத் தொட்டுவிட்டால், பைக் மட்டுமே நுழையும் சந்துக்குள் கார் போய் நிற்கும். குறுகலான சாலைகளைத் தவிர்க்கும் வசதியைச் சென்னை, கோவை உட்பட எட்டு நகரங்களில் தருவதாக 2024 ஜூலையில் கூகுள் அறிவித்தது. சிற்றூர்களில் அந்த வசதியை எதிர்பார்த்து இறங்க வேண்டாம்.

ஊர்ப் பெயரும் ஏமாற்றும். திருப்பத்தூர் என்று ஒரு மாவட்டத் தலைநகர் வடக்கே இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்திலும் ஒரு திருப்பத்தூர் இருக்கிறது. புதூர் என்ற பெயரில் ஊர் இல்லாத மாவட்டத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மாவட்டப் பெயரையும் அஞ்சல் குறியீட்டு எண்ணையும் சேர்த்துத் தேடுங்கள்.

தலைக்குந்தாவில் ஒரு பாடம்

உதகையிலிருந்து மசினகுடிக்குப் போக, தலைக்குந்தாவில் பாதை இரண்டாகப் பிரிகிறது. கல்லட்டி வழியாகப் போனால் சுமார் 30 கிலோமீட்டர். கூடலூர் சுற்றிப் போனால் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். தூரத்தை மட்டும் பார்ப்பவருக்குக் கல்லட்டிதான் கண்ணில் படும். அது 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட செங்குத்தான இறக்கம். விடாமல் பிரேக்கை மிதித்தே இறங்கினால் சூடேறி, பிரேக் பிடிக்காமல் போய்விடும். பழக்கமில்லாத ஓட்டுநர்கள் அங்கே உயிரிழந்த பிறகு, வெளியூர் வாகனங்கள் அந்த வழியே இறங்கத் தடை விதிக்கப்பட்டது. சாவடியில் காவலர்கள் வண்டியைத் திருப்பி அனுப்பும்போது, 'மேப்பில் காட்டுதே' என்று வாதாடுவோர் இன்றும் உண்டு.

மலையில் எந்த கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பதைச் செயலி சொல்லாது. பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை உண்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை நடப்புக்கு வந்தது. இத்தகைய கட்டுப்பாடுகளைப் புறப்படும் முன் மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பில் பார்த்துக்கொள்வது நம் வேலை.

காகித வரைபடத்தின் பலம், பலவீனம்

இந்தியாவை அளந்து வரைந்த மாபெரும் பணி 1802இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கியது. சர்வே ஆஃப் இந்தியாவின், அந்த மரபில் வந்த 1:50,000 அளவு நிலவரைபடத்தில் 1 சென்டிமீட்டர் என்பது தரையில் 500 மீட்டர். சம உயரக் கோடுகள் நெருங்கி நெருங்கி வந்தால் அங்கே செங்குத்து என்று பொருள். சாலை எங்கே ஆற்றைக் கடக்கிறது, எங்கே காட்டுக்குள் நுழைகிறது, அடுத்த பெரிய ஊர் எவ்வளவு தூரம் என்பதை ஒரே பார்வையில் காட்டும். கையகலத் திரை அடுத்த திருப்பத்தைக் காட்டும். விரித்த தாள் மொத்தப் பயணத்தையும் காட்டும். சார்ஜ் தீராது, சிக்னல் போகாது.

ஆனால் அச்சான அன்றே அது பழசாகத் தொடங்கிவிடுகிறது. 2010இல் தேசிய நெடுஞ்சாலைகளின் எண்கள் மாற்றப்பட்டன. கிருஷ்ணகிரி, சேலம், மதுரை வழியாகக் கன்னியாகுமரி செல்லும் சாலை பழைய வரைபடத்தில் எண் 7. இன்று பலகையில் 44. புதிய புறவழிச் சாலைகள் பழைய தாளில் கிடையாது. ஓட்டிக்கொண்டே தாளை விரித்துப் பார்ப்பது, போனைப் பார்ப்பதைவிட மோசமான ஆபத்து.

எனவே இரண்டுக்கும் தனித்தனி இடம் கொடுங்கள். புறப்படும் முன் காகித வரைபடத்தையோ திரையில் முழு வழியையோ நிதானமாகப் பார்த்து, வழியில் வரும் நான்கைந்து ஊர்களை மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஓடும்போது செயலியின் குரல் போதும். இரண்டும் ஒன்று சொல்லி, சாலையோரப் பலகை வேறொன்று சொன்னால் பலகைக்கே கட்டுப்படுங்கள். மைல்கல்லும் உதவும்: தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சாக இருந்தால் கிராமச் சாலை. தேசிய நெடுஞ்சாலையில் போக வேண்டிய நேரத்தில் ஆரஞ்சுக் கல் தொடர்ந்து வந்தால், நிறுத்தி விசாரியுங்கள்.

ஓட்டுநரின் கடமை: சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 119ஆம் பிரிவு, சாலைக் குறியீடுகளுக்குக் கட்டுப்படுவது ஓட்டுநரின் கடமை என்கிறது. ஒருவழிப் பாதையில் எதிரே வந்துவிட்டு, 'செயலி சொன்னது' என்றால் அந்தப் பதில் செல்லாது.

கையில் போனை வைத்துக்கொண்டு ஓட்டுவது 184ஆம் பிரிவின்படி ஆபத்தாக வாகனம் ஓட்டும் குற்றம். முதல் முறை 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ, 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். அதே சமயம் 2020 அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த விதித் திருத்தம், வழி பார்ப்பதற்கு மட்டும், ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் போனைப் பயன்படுத்த அனுமதிக்கிறது. ஆகவே ஹோல்டரில் பொருத்தி, புறப்படும் முன்பே இடத்தைப் பதிந்துவிடுங்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி திரையைப் பார்த்தால், வண்டி கண்ணில்லாமல் 55 மீட்டர் ஓடியிருக்கும்.

அரசின் கடமை, உங்கள் உரிமை

உடைந்த பாலத்தை அடைத்துப் பலகை வைப்பது சாலையைப் பராமரிப்பவரின் பொறுப்பு. 2019இல் சேர்க்கப்பட்ட 198ஏ பிரிவின்படி, பாதுகாப்புத் தரத்தைப் பின்பற்றாததால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரி, ஒப்பந்ததாரர், ஆலோசகர் ஆகியோருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 2025 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம், சாலைப் பள்ளத்தாலும் திறந்த சாக்கடைக் குழியாலும் இறந்தவர் குடும்பத்துக்கு 6 லட்சம் ரூபாய் வழங்க வேண்டும் என்று உள்ளாட்சி அமைப்புகளுக்கு உத்தரவிட்டது. பாதுகாப்பான சாலை என்பது உயிர் வாழும் உரிமையின் பகுதி என்பதே இதன் அடிப்படை.

செயலி நிறுவனத்தைக் கேட்க முடியுமா? இது கடினமான பாதை. உண்மை நிலை வரைபடத்திலிருந்து மாறுபடலாம், சொந்த முடிவில், சொந்தப் பொறுப்பில் பயன்படுத்துங்கள் என்று கூகுள் தன் நிபந்தனைகளில் எழுதிவைத்திருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, இலவசமாகத் தரப்படும் சேவையைத் தன் வரையறைக்கு வெளியே வைத்திருக்கிறது. அமெரிக்காவின் வட கரோலினாவில், 2013இல் இடிந்த பாலத்தில் 2022இல் ஒருவர் விழுந்து இறந்த பிறகு அவர் குடும்பம் கூகுள் மீது வழக்குத் தொடுத்தது. நம் நாட்டில் இன்றைக்குப் பாதிக்கப்பட்டவருக்கு உறுதியான பிடி, சாலைத் துறையும் காப்பீடும்தான்.

விபத்து நேர்ந்தால்

* முதலில் 108 அல்லது 112. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பவரைப் பெயர், முகவரி சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது. 134ஏ பிரிவு அவருக்குப் பாதுகாப்பு தருகிறது.
* தமிழ்நாட்டுக்குள் நடந்த விபத்து என்றால், 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டாம். வெளிமாநிலத்தவருக்கும் இது பொருந்தும். 2025 மே மாதம் ஒன்றிய அரசு அறிவித்த திட்டத்தில், குறித்த மருத்துவமனைகளில் ஏழு நாள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குக் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு.
* இடத்தைப் பல கோணங்களில் படம் எடுங்கள். தடுப்பு இல்லை, பலகை இல்லை என்பது படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். செயலி காட்டிய வழியையும் ஸ்கிரீன்ஷாட்டாகச் சேமியுங்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றம் ஏற்க, பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும்; போனை அழித்துவிடாமல் வைத்திருங்கள்.
* முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தெரிவியுங்கள்.
* வேறு வண்டியின் தவறு இருந்தால், மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஆறு மாதத்துக்குள் மனு போட்டுவிடுவதே பாதுகாப்பு. வண்டி தானாகக் கவிழ்ந்திருந்தால், உரிமையாளரே ஓட்டுநராக இருந்தவருக்குக் கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் ரூபாய். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால், சொந்தக் காரில் உடன் வந்தவர்களுக்கு இழப்பீடு கிடைப்பது கடினம். முழுக் காப்பீடு எடுத்து வைப்பது நல்லது.
* சாலைக் குறைபாடு என்றால், சாலை யாருடையது, பழுது எப்போது தெரிந்தது, அடைக்க எப்போது உத்தரவிடப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அந்தப் பதில்கள்தான் உயர் நீதிமன்றத்தில் உங்கள் ஆயுதம். வழக்கறிஞர் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். அழைப்பு எண் 15100.

யாரும் விழும் முன்

ஊரில் ஒரு பாலம் உடைந்தால் அங்கே இருப்பவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அவர்கள் விழ மாட்டார்கள். இரவில் வரும் வெளியூர்க்காரர்தான் விழுவார். எனவே உங்கள் பகுதியில் சாலை அடைபட்டால் செயலியில் உள்ள திருத்த வசதியில் உடனே பதியுங்கள். அதோடு நிற்காமல் ஊராட்சிக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். மாநில நெடுஞ்சாலைத் துறையின் 'நம்ம சாலை' செயலியில் பள்ளங்களைப் படத்தோடு தெரிவிக்கலாம்.

வண்டி ஓட்டும்போது, விளக்கு வெளிச்சத்தில் சாலை தெரியாத இடத்தில் ஒரு அடிகூட நகராதீர்கள். தண்ணீர் ஓடும் தரைப்பாலத்தில் இறங்காதீர்கள். சந்தேகம் வந்தால் நிறுத்துங்கள், டீக்கடையில் கேளுங்கள், வந்த வழியே திரும்புங்கள். அதில் அரை மணி நேரம் போகும்; உங்களை நம்பி வண்டியில் உட்கார்ந்திருப்பவர்களின் உயிர் போகாது.