சீமை, சர்க்கார், தாஜ்மஹால்

சௌசௌவுக்குத் தமிழில் இன்னொரு பெயர் பெங்களூர் கத்திரிக்காய். ஓசூரில் அந்தப் பெயரைச் சொல்லி வாங்கிக்கொண்டு, சூசுவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனால் அதே காய் 'சீமெ பதனெகாயி' ஆகிவிடும். சீமைக் கத்திரிக்காய் என்று பொருள். நாம் பெங்களூரைக் காட்டுகிறோம், பெங்களூர்க்காரர்கள் கடலைக் காட்டுகிறார்கள். உண்மைக்குப் பக்கத்தில் நிற்பது கன்னடம்தான். அந்தக் கொடியின் பூர்வீகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும்.

முள்மரத்தின் கதை இதற்கு நேர்மாறு. சீமைக்கருவேலம் என்று சொல்லித் தமிழர்கள் பழியைக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். கன்னடத்தில் அது 'பல்லாரி ஜாலி', அதாவது பல்லாரிப் பக்கத்து முள். தெலுங்கில் 'சர்க்கார் தும்ம', அரசாங்கம் கொண்டுவந்த வேலமரம். சரியான ஆளைப் பிடித்தவர்கள் தெலுங்கர்களே. 1870-களில் மதராஸ் ராஜதானியின் வனத்துறைதான் விதையை வரவழைத்துக் கடப்பைப் பகுதியில் ஊன்றியது. வேண்டாத விருந்தாளி எந்தத் திசையிலிருந்து வந்தான் என்பதைப் பெயரிலேயே பதிந்து வைப்பது இந்த எல்லைப்புறத்தின் பழக்கம். 1950-களில் புனே பக்கம் கண்ணில் பட்டு நாடெங்கும் பரவிய பார்த்தீனியத்தையும் விடவில்லை. வெள்ளைக் குல்லாய் போட்ட மாதிரிப் பூக்கிறது என்று 'காங்கிரஸ் செடி' ஆக்கிவிட்டார்கள். கட்சிக்காரர்கள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இத்தனை பெயர்கள் ஒரே சந்தையில் புழங்கக் காரணம் உண்டு. கிருஷ்ணகிரியை உள்ளிட்ட பாராமகால் 1792-ல் கும்பினியிடம் போனது. ஓசூர் அப்போதும் மைசூரிடமே இருந்தது. 1799-ல் திப்பு வீழ்ந்த பிறகுதான் சேலம் ஜில்லாவோடு சேர்ந்தது. 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோதும் ஓசூர் இந்தப் பக்கமே நின்றது. ஆனால் பெண் கொடுப்பதும் எடுப்பதும் எந்தக் கோட்டுக்கும் கட்டுப்படவில்லை. மாமியார் தெலுங்கு, மருமகள் கன்னடம், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துத் தமிழ் என்று இருக்கிற வீட்டில், கொல்லையில் நிற்கும் செடிக்கு மூன்று பெயர் இருந்தால்தான் வேலை நடக்கும்.

அந்தப் பெயர்களெல்லாம் கூடியிருந்த இடம் ராகிக் கொல்லை. தெற்கத்திக்காரர்கள் கேப்பை என்பார்கள், இங்கே ராகிதான். ராகியைத் தனியாக விதைக்க மாட்டார்கள். இடையிடையே ஒரு சால் அவரை, ஒரு சால் துவரை, ஓரத்தில் பேயெள்ளு. அந்தக் கலப்பு வரிசைக்குக் கன்னடத்தில் 'அக்கடி சாலு' என்று பெயர். மாடு பேயெள்ளைச் சீண்டாது. அதனால் அது வேலியாகவும் நிற்கும், ஐப்பசி கார்த்திகையில் மஞ்சளாகப் பூத்துத் தேனீக்கும் ஆகும், பிறகு எண்ணெய்க்கும் சட்னிக்கும் ஆகும். எள் மாதிரி இருக்கும், எள் அல்ல, சாமந்தியின் குடும்பம். பேய்ச்சுரை, பேய்ப்புடல் என்கிற வரிசையில் தமிழர்கள் பேயெள்ளு என்றார்கள். கன்னடத்தில் 'ஹுச்செள்ளு', தெலுங்கில் 'வெர்ரி நுவ்வுலு'. இரண்டுக்கும் பொருள் பைத்தியக்கார எள். மூன்று மொழிக்காரர்களும் கலந்து பேசி ஒரே முடிவுக்கு வந்தது அநேகமாக இந்த ஒரு செடி விஷயத்தில்தான். 1800-ல் பெங்களூர்ப் பக்கம் பயிர் பச்சையைப் பார்த்து எழுதிக்கொண்டு போன பிரான்சிஸ் புக்கானன் அதை 'ஹுட்ஸ் எள்ளு' என்று தன் காதில் விழுந்தபடியே குறித்திருக்கிறார்.

அவரை இதைவிடச் சுவாரசியம். மதுரைக்காரருக்கு அவரை என்றால் முழுசாக நறுக்கிப் பொரியல் வைக்கிற காய்; உள்ளே இருக்கும் கொட்டையைத் தின்பதென்றால் அது மொச்சை. ஓசூரில் அவரைக்காய் என்று கேட்டால் கொட்டைக்காக உரிக்கிற காயைத்தான் அள்ளிப் போடுவார்கள். மார்கழிப் பனி விழுந்தபின் வரும் காயின் தோலில் பிசுபிசுவென்று ஒரு எண்ணெய் ஏறியிருக்கும். உரித்தால் விரலில் ஒட்டி, சோப்புக்கும் போகாமல் ராத்திரி வரை மணக்கும். அந்த மணத்துக்குக் கன்னடத்தில் 'சொகடு'. தமிழ் பேசுகிறவர்களும் சொகடு இருக்கிறதா என்று காயை முகர்ந்து பார்த்துத்தான் விலை பேசுவார்கள். கொட்டையை ஊறவைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு துள்ளி ஏனத்தில் விழும். அதுதான் பிதுக்குப் பருப்பு. குழம்பு வைத்து ராகிக் களியோடு சாப்பிட்டவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

பழைய அவரை பகல் குறுகினால்தான் பூக்கும். பெங்களூர் வேளாண் பல்கலைக்கழகம் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கி, எந்த மாதத்திலும் காய்க்கிற ரகங்களைக் கொடுத்தது. ஹெப்பாள் அவரை 3, ஹெப்பாள் அவரை 4 என்பவை அவற்றின் பெயர்கள். விவசாயிக்கு லாபம்தான், மறுக்க முடியாது. ஆனால் சித்திரையில் வாங்குகிற அவரையில் சொகடைத் தேடாதீர்கள்.

ரகத்துக்கு ஊரும் எண்ணும் பெயராக வந்தது நம் பக்கமும் நடந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பையூரில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வந்த கொள்ளுக்குப் பையூர் 1 என்று பெயர். எள்ளுக்கும் பையூர் 1. நீலத்திலிருந்து தேர்ந்தெடுத்த குட்டை மாமரத்துக்கும் பையூர் 1. விதைக் கடையில் பையூர் 1 கொடுங்கள் என்றால் எது என்று திருப்பிக் கேட்பார்கள். ஆராய்ச்சியாளர்களைக் குறை சொல்லவில்லை; பெயர் வைக்கிற வேலையை அவர்கள் முகவரி எழுதுகிற வேலையாக நினைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

மாம்பழத்துக்குப் பெயர் வைத்தவர்கள் தின்றவர்கள். மூக்கு நீண்ட அந்தப் பழம் தமிழில் கிளிமூக்கு, தோப்புக்காரரிடம் பெங்களூரா, கன்னடத்தில் 'கிணிமூத்தி', சித்தூர்ப் பக்கம் கலெக்டர். அல்போன்சாவைக் காதர் என்றவர்களும் பாதாமி என்றவர்களும் குண்டு என்றவர்களும் உண்டு. கிருஷ்ணகிரியைச் சுற்றிக் கூழ் ஆலைகள் வந்த பிறகு கொள்முதல் ரசீதில் எழுதுகிற பெயர் கிளிமூக்குக்குத் தோத்தாபுரி, மற்றதற்கு அல்போன்சா, அவ்வளவுதான். ஏற்றுமதிப் பீப்பாயின் மேல் கலெக்டர் என்று ஒட்டி அனுப்ப முடியுமா? பெயர்களைச் சுருக்கியதில் ஆலை வாசல் தராசுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஓசூரின் மாற்றம் இன்னும் வேகம். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980-களுக்குள் டிவிஎஸ் மொபெட்டும் அசோக் லேலண்ட் லாரியும் டைட்டன் கடிகாரமும் இங்கிருந்து புறப்பட்டன. நிலத்துக்கு விலை ஏற, மானாவாரி ராகி பின்வாங்கியது; மிஞ்சிய நிலத்தில் தளி, பாகலூர், கெலமங்கலம் சாலைகளை ஒட்டிப் பசுமைக்குடில்கள் எழுந்தன. அமுதகொண்டப்பள்ளியில் அரசு நிறுவனமான டிட்கோவின் கூட்டு முயற்சியாக 'டான்ஃப்ளோரா' என்று ஒரு மலர்ப் பூங்காவே இருக்கிறது. உள்ளே நிற்பவை தாஜ்மஹால், ஃபர்ஸ்ட் ரெட், நோப்ளஸ், அவலாஞ்ச், கோல்ட் ஸ்ட்ரைக். தாஜ்மஹால் என்பது அடர்சிவப்பு. பிப்ரவரி 14-க்குப் பெட்டி பெட்டியாக வெளிநாடு போகிற ரோஜா அது.

இவை சந்தையில் வழங்கி வந்த பெயர்கள் அல்ல, சந்தைக்கென்றே வைத்த பெயர்கள். புது ரகம் என்றால் உருவாக்கிய நிறுவனத்துக்குச் செடிக்கு இவ்வளவு என்று உரிமைத்தொகை போகும். இந்தியாவில் பயிர் ரகங்களுக்கான 2001-ஆம் ஆண்டுச் சட்டம், பதிவு செய்கிற ஒவ்வொரு ரகத்துக்கும் தனித்து அடையாளம் காட்டும் ஒரே பெயர் வேண்டும் என்கிறது. வெறும் எண்ணாக அது இருக்கக்கூடாது. ஒரு செடிக்கு மூன்று பெயர் வைத்துப் பிழைத்த ஊரில் ஒரு செடிக்கு ஒரு பெயர் என்பது சட்டமாகவே வந்து நிற்கிறது.

ஆனாலும் ஏற்றுமதியில் கழித்த பூ உள்ளூர்ச் சந்தைக்கு வந்ததும் அங்கே யாரும் தாஜ்மஹால் என்பதில்லை. டச் ரோஸ் என்பார்கள். தளி மண்ணில் முளைத்து, ஓசூர்த் தண்ணீர் குடித்து வளர்ந்த பூவுக்கு ஊர் ஹாலந்து! கைகாட்டுகிற குணம் போகவில்லை. பட்டன் ரோஸும் பன்னீர் ரோஸும் பக்கத்துக் கூடையில் இருக்கின்றன. சிப்காட்டை ஒட்டிய காய்கறிக் கடைகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் தொழிலாளர்களுக்காகத் தக்காளி 'டமாட்டர்', முருங்கை 'சஹ்ஜன்' என்றும் விற்கப்படுகிறது. கடைக்காரர்கள் இதற்காகப் பதறவில்லை. மூன்று மொழியில் விற்றவர்களுக்கு நாலாவது என்ன பாரம்?

போனவை வேறு. ராகிக் கொல்லையில் தானாக முளைத்ததைப் பெண்கள் மடியில் கிள்ளிக்கொண்டு வந்து ஒன்றாகக் கடைவார்கள். கன்னடத்தில் 'பெரகெ சொப்பு', நமக்குக் கலவைக்கீரை. அதில் பண்ணைக்கீரை இருக்கும். அதுவே 'அண்ணெ சொப்பு', அதுவே தெலுங்கில் 'குருகு'. பருப்புக்கீரை இருக்கும், அது 'கோணி சொப்பு'. பொன்னாங்கண்ணி 'ஹொனகொனெ'. தொய்யக்கீரையும் இருக்கும். பொன்னாங்கண்ணி தப்பித்தது, கட்டுக்கு விலை கிடைக்கிறது. மற்றவற்றுக்குத் தராசும் இல்லை, ரசீதும் இல்லை. கொல்லை மனைப்பிரிவான அன்றே பெயருக்கும் வேலை போய்விட்டது.

அந்தக் கொல்லைகளில் கீரை கிள்ளியவர்களின் பேத்திகள் பசுமைக்குடிலுக்கு வேலைக்குப் போகிறார்கள். தண்டை நாற்பது, ஐம்பது, அறுபது சென்டிமீட்டர் என்று பிரித்துக் கட்டுகிறார்கள். தொய்யக்கீரையைக் காட்டினால் களை என்பார்கள். ஆனால் ரோஜா இலையில் ஊதா நிறத்தில் ஒரு படை தட்டுப்பட்டால் போதும், 'டவுனி' என்று குரல் கொடுத்துவிடுவார்கள். பொட்ரைடிஸ், திரிப்ஸ், மைட்ஸ் என்று மற்ற நோய், பூச்சிப் பெயர்களும் அத்துப்படி. கன்னடம் பேசுகிறவர், தெலுங்கு பேசுகிறவர், தமிழ் பேசுகிறவர் எல்லோருக்கும் டவுனி டவுனிதான். சூப்பர்வைசருக்கும் மருந்துக் கடைக்கும்கூட அதே பெயர்.