மோட்டார் ஏன் சுடுகிறது?

நெற்பயிர் கதிர் வாங்கும் நிலையில் நிற்கிறது. கிணற்றில் நீருண்டு; கம்பியில் மின்சாரமும் உண்டு. ஆயினும் வாய்க்காலில் நீர் ஓடவில்லை. பம்பு செட்டின் மோட்டார் கருகிவிட்டது. அதைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுசென்று, காயில் கட்டி மீட்டு வருவதற்குள் பயிர் வாடிவிடுகிறது. இவ்வாறு செலவு செய்து சீராக்கிய மோட்டார் சில வாரங்களில் மீண்டும் கருகுவதையும் நாம் காண்கிறோம். இதற்குக் காரணம் யாது? மோட்டாரின் வெப்பம் நோயன்று, நோயின் அறிகுறியே. காரணத்தைக் களையாமல் காயில் மட்டும் கட்டுவது, காய்ச்சலின் காரணம் அறியாது மருந்து கொடுப்பதை ஒக்கும்.

எவ்வளவு வெப்பம் தகும்?

முழுச் சுமையில் ஓடும் மோட்டாரின் மேற்புறம் கை வைக்க முடியாதபடி சுடுவது இயல்பே. ஆகவே கையை மட்டும் நம்பி முடிவு செய்தல் கூடாது. காயிலின் காப்புப்பொருள் ‘பி’ வகையாயின் 130 டிகிரி சென்டிகிரேடு வரையிலும், ‘எப்’ வகையாயின் 155 டிகிரி வரையிலும் தாங்கும். அவ்வெல்லைக்கு மேல் வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி உயரும்போதும் காப்பின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது என்பது பொறியாளர் கணக்கு. வழக்கத்தைவிட மிகுந்த சூடு, வார்னிஷ் கருகும் நாற்றம், மாறுபட்ட உறுமல் ஆகியவை தோன்றினால் மோட்டாரை உடனே நிறுத்துதல் வேண்டும்.

முதலில் மின்சாரம்

மூன்று பேஸ்களில் ஒன்று அற்றுப்போவதே மோட்டார் கருகுவதற்குரிய முக்கியமான காரணங்களுள் ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பியூஸ் போய்விட்டால் மோட்டார் நின்றுவிடுவதில்லை. எஞ்சிய இரு கம்பிகளில் ஏறக்குறைய 1.7 மடங்கு மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டு ஓடும். காயில் விரைவில் கருகும். இரண்டு பேஸ் மட்டும் வரும் நேரத்தில் கெப்பாசிட்டர் வைத்து மோட்டாரை ஓட்டும் பழக்கமும் இத்தகைய கேட்டையே விளைவிக்கும். வோல்ட் குறைந்தாலும், மூன்று பேஸ்களும் சமமாக இல்லாவிட்டாலும் வெப்பம் ஏறும். ஆகவே உரிமம் பெற்ற மின் பணியாளரைக் கொண்டு மூன்று கம்பிகளிலும் வோல்ட்டையும் ஆம்பியரையும் அளக்கச் செய்க. 415 வோல்ட்டில் ஓடும் 5 குதிரைத் திறன் மோட்டார் முழுச் சுமையில் 7 முதல் 8 ஆம்பியர் வரை எடுக்கும். சரியான அளவு மோட்டாரின் தகட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

அடுத்துக் காற்று

மோட்டாரின் பின்புறமுள்ள விசிறியே அதனைக் குளிர்விக்கிறது. விசிறி மூடியில் வைக்கோலும் தூசியும் அடைத்திருந்தாலோ, மழைக்கு அஞ்சிப் போர்த்திய சாக்கை எடுக்காமல் ஓட்டினாலோ, வெப்பம் வெளியேற வழியில்லை. மோட்டார் அறைக்கு எதிரெதிரே இரு திறப்புகள் அமைத்தல் நலம்.

பின்னர்ச் சுமை

மின்சாரத்தைத் துண்டித்து, பியூஸ்களையும் கழற்றிய பின்னர், தண்டைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். கடினமாகச் சுழன்றால் பேரிங் தேய்ந்திருக்கலாம், இம்பெல்லர் உரசலாம், அல்லது கிளாண்டு அளவுக்கு மிஞ்சி இறுக்கப்பட்டிருக்கலாம். கயிறு அடைத்த கிளாண்டிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக வடிதல் வேண்டும். அதனை முற்றிலும் நிறுத்த முயல்வது தவறு.

இங்கே வியப்பான செய்தி ஒன்றுண்டு. மழைக்குப் பின் கிணறு நிரம்பினால் நீரை ஏற்றும் உயரம் குறைகிறது. ஆகவே மோட்டாருக்குச் சுமையும் குறையும் என்று பலர் எண்ணுவர். ஆழக் கிணற்றுக்கென அமைந்த சென்டிரிபியூகல் பம்பில் நடப்பது இதற்கு மாறானது. உயரம் குறையவே அது மிகுதியான நீரைத் தள்ளி, மிகுதியான மின்னோட்டத்தை எடுக்கும். அப்போது வெளியேற்றுக் குழாயின் வால்வைச் சிறிது மூடினால் ஆம்பியர் தகட்டு அளவுக்கு இறங்கிவிடும்.

காவலனைக் கட்டிப்போடாதீர்

ஸ்டார்ட்டரிலுள்ள ஓவர்லோடு ரிலே மோட்டாரின் காவலன். அது அடிக்கடி விழுகிறதென்று அதன் அளவை உயர்த்துவதும், அதனைக் கட்டி வைப்பதும், பியூசுக்குத் தடித்த கம்பி போடுவதும் காவலனைக் கட்டிப்போட்டுவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது போன்றவையே. மோட்டார் புறப்படும்போது முழுச் சுமை அளவைப்போல் ஆறு மடங்கு வரை மின்னோட்டம் பாய்வதால், விழுந்தவுடன் மறுபடி மறுபடி பொத்தானை அழுத்துதலும் ஆகாது. காயில் கட்ட நேரிட்டால், பழைய சுற்றுகளின் எண்ணிக்கையும் கம்பியின் பருமனும் மாறாதிருத்தல் இன்றியமையாதது.

மோட்டார் நலமாக ஓடும் நாளிலேயே மூன்று பேஸ்களின் வோல்ட், ஆம்பியர் ஆகியவற்றை அளந்து, நாளுடன் மோட்டார் அறைச் சுவரில் எழுதி வைப்போமாக. பின்னொரு நாள் மோட்டார் சுடும்போது அச்சுவரே நோயின் இருப்பிடத்தை நமக்குச் சுட்டிக்காட்டும். பயிரும் பிழைக்கும்; பணமும் மிஞ்சும்.