கல் இல்லாதவர்களும் முன்னோடிகளே

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லாந்து நகரின் நடுவே இருக்கிறது லோன் ஃபிர் இடுகாடு. ஜேம்ஸ் ஸ்டீபன்ஸ் என்ற குடியேறி 1846-இல் தன் தந்தையைப் பண்ணை நிலத்திலேயே அடக்கம் செய்ததில் தொடங்குகிறது அதன் வரலாறு. இன்று அங்கே 25,000-க்கும் மேற்பட்டோர் உறங்குகிறார்கள். 2007-இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டிலும் அது இடம்பெற்றது. ஆனால், அங்கே புதைக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ 10,000 பேர் யாரென்று தெரியவில்லை. சாய்ந்த கல்லறைக் கற்களை நிமிர்த்துவதோடு இடுகாட்டின் பாதுகாப்பு முடிந்துவிட்டால், வசதியுள்ளவர்களின் வரலாறு மட்டுமே மிஞ்சும்.

இடுகாட்டின் தென்மேற்கு மூலையில் உள்ள 14-ஆம் பகுதியே இதற்குச் சாட்சி. ரயில் பாதை போட்டும் காடு திருத்தியும் அந்த வட்டாரத்தை உருவாக்கிய சீனத் தொழிலாளர்கள் அங்கே அடக்கமானார்கள். டாக்டர் ஹாதார்ன் நடத்திய மனநல மருத்துவமனையில் இறந்த ஆதரவற்ற நோயாளிகளும் அதே இடுகாட்டில்தான் புதைக்கப்பட்டார்கள். 1948-இல் மாவட்ட நிர்வாகம் சீனர்களின் எலும்புகளைத் தோண்டி எடுத்தது. பின்னர் அதே இடத்தில் அரசு அலுவலகம் எழுந்தது. எலும்புகளை எடுத்துச் சொந்த ஊருக்கு அனுப்புவது சீனர்களின் வழக்கம்தானே, இதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். அந்த வழக்கம் உண்மைதான். ஆனால் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த அகழாய்வில், அங்கே இன்னும் உடல்கள் இருப்பது தெரியவந்தது. நிலம் காலியாகிவிட்டது என்ற நம்பிக்கை பொய்த்தது. 2007-இல் கட்டடமே இடிக்கப்பட்டது.

பொதுப்பணம் அளவானது, கண்முன் சிதையும் கற்களை முதலில் காப்பாற்ற வேண்டாமா என்பது நியாயமான கேள்வி. ஆனால் உடைந்த கல்லை அடுத்த ஆண்டுகூட ஒட்டவைக்கலாம். அடையாளமில்லாத மண்ணுக்கு அந்த அவகாசம் இல்லை. வெற்றிடம் என்று நினைத்து ஒருமுறை கடைக்கால் தோண்டிவிட்டால், அங்கே யார் இருந்தார்கள் என்பதற்கான தடயமே அழிந்துவிடும். அதைத் தடுக்கச் சலவைக்கல் மண்டபம் தேவையில்லை. புதைப்புப் பதிவேடுகளைத் தேடித் தொகுப்பதும், மண்ணைத் தொடுமுன் ஆய்வு செய்வதும், கிடைத்த பெயர்களைப் பொதுவில் பொறிப்பதும் முதல் வேலைகள். குடும்பம் நினைவில் வைத்திருப்பவர்களைக் குடும்பம் காக்கும். யாருமற்றவர்களைக் காப்பது அரசின் கடமை. பழைய இடுகாடுகளுக்கான செலவில் முதல் பங்கு அவர்களுக்கே சேர வேண்டும்.