உங்கள் கம்ப்யூட்டர் கடிகாரம் சரியாக ஓடுகிறதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் மானிட்டர், பிரிண்டர், இன்டர்நெட் இணைப்பு என எல்லாவற்றையும் கவனிப்பார்கள். திரையின் வலது கீழ் மூலையில் இருக்கும் சின்னக் கடிகாரத்தை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை. சுவரில் கடிகாரம் இருக்கிறது, கையில் மொபைல் போன் இருக்கிறது, இது எதற்கு என்று விட்டுவிடுகிறோம். ஆனால் அந்தக் கடிகாரம் நாம் நேரம் பார்ப்பதற்காக மட்டும் ஓடவில்லை. கம்ப்யூட்டரில் உள்ள பல புரோகிராம்கள் அதைப் பார்த்துத்தான் வேலை செய்கின்றன. அது தவறினால் ஒரு நாள் பேங்க் தளம் திறக்காது, மெயில் தளமும் திறக்காது. "வைரஸ் வந்துவிட்டது, பார்மட் செய்ய வேண்டும்" என்று யாராவது சொன்னால் நம்பிவிடுவோம். பணமும் போகும், சேர்த்து வைத்த பைல்களும் போகும். உண்மையில் மாற்ற வேண்டியது ஒரு சின்ன பேட்டரியாக இருக்கலாம்.

நேரம் தவறினால் என்ன ஆகும்?

பாதுகாப்பான இணைய தளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் உண்டு. அது எந்தத் தேதியில் இருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று அதிலேயே பதிவாகி இருக்கும். பிரவுசர் அந்தத் தேதிகளை உங்கள் கம்ப்யூட்டரின் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். கம்ப்யூட்டர் 2010ஆம் ஆண்டைக் காட்டினால், இந்தச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லையே என்று பிரவுசர் முடிவு செய்து, இணைப்பு பாதுகாப்பானது அல்ல என எச்சரித்து நின்றுவிடும். தளத்திலும் தவறில்லை, இணைப்பிலும் தவறில்லை. தவறு தேதியில்தான்.

இதோடு முடியவில்லை. பைல்கள் தவறான தேதியுடன் சேமிக்கப்படும். எது புதியது, எது பழையது என்று தெரியாது. அனுப்பும் மெயிலில் தவறான நேரம் பதிவாகலாம். 30 வினாடிக்கு ஒரு முறை மாறும் பாஸ்வேர்டைத் தரும் அத்தன்டிகேட்டர் புரோகிராமை அந்தக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தால், அது தரும் எண்ணைத் தளம் ஏற்காது.

கரண்ட் இல்லாதபோது எப்படி ஓடுகிறது?

கம்ப்யூட்டரை அணைத்து பிளக்கைப் பிடுங்கினாலும் கடிகாரம் நிற்பதில்லை. மதர்போர்டில் ஒரு ரூபாய் நாணயம் போன்ற வட்டமான 3 வோல்ட் பேட்டரி இருக்கிறது. டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் சிஆர் 2032 என்ற வகை. இதைத்தான் மெக்கானிக்குகள் சிமாஸ் பேட்டரி என்கிறார்கள்.

இந்தக் கடிகாரத்தின் இதயம் ஒரு குவார்ட்ஸ் படிகம். அது வினாடிக்கு 32,768 முறை அதிரும். ஏன் இந்த விசித்திரமான எண்? 32,768ஐ 15 முறை பாதி பாதியாகக் குறைத்தால் சரியாக 1 வரும். பாதியாக்குவது மின்னணு சர்க்யூட்டுக்கு மிக எளிய வேலை. நமது குவார்ட்ஸ் கைக்கடிகாரங்களிலும் இதே முறைதான்.

படிகம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கொஞ்சம் பிசகும். வெப்பம் மாறினாலும் அதன் வேகம் மாறும். பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் 86,400 வினாடிகள். கணக்குப் போட்டால் தினமும் சுமார் 1.7 வினாடி தவறும். ஒரு மாதத்தில் ஏறக்குறைய 50 வினாடி, ஓர் ஆண்டில் 10 நிமிடத்துக்கு மேல்.

சரியான நேரம் எங்கே இருக்கிறது?

1967ஆம் ஆண்டு முதல் ஒரு வினாடி என்பதற்கு இலக்கணமாக இருப்பது சீசியம் அணு. அந்த அணுவுக்கு உரிய ஒரு கதிர்வீச்சு 9,192,631,770 முறை அதிரும் காலமே ஒரு வினாடி. இந்த அடிப்படையில் இயங்குபவையே அணுக் கடிகாரங்கள். இந்திய நேரத்தைக் காப்பது புதுடெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களிலும் அணுக் கடிகாரங்கள் உண்டு. அவற்றின் சிக்னலில் இருந்தும் துல்லியமான நேரம் கிடைக்கும்.

இந்த நேரத்தை இன்டர்நெட் வழியாக நம் வீட்டுக்குக் கொண்டு வருவது என்டிபி என்ற நெறிமுறை. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ் உருவாக்கி 1985இல் வெளியிட்டது. அவர் 2024இல் காலமானார். நெறிமுறை இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சர்வர் "இப்போது மணி பத்து" என்று சொன்னாலும், அந்தச் செய்தி நம்மை வந்து சேர்வதற்குள் கொஞ்ச நேரம் கழிந்துவிடும். அதை எப்படிச் சரிக்கட்டுவது?

உங்கள் கம்ப்யூட்டர் தன் கடிகாரத்தில் 10 மணி 0.0 வினாடி ஆகும்போது கேள்வி அனுப்புகிறது. சர்வர் தன் கடிகாரத்தில் 10 மணி 5.1 வினாடிக்கு அதைப் பெற்று, உடனே அந்த நேரத்தைக் குறித்துப் பதில் போடுகிறது. பதில் வந்து சேரும்போது உங்கள் கடிகாரத்தில் 0.2 வினாடி. ஆகப் போய் வர 0.2 வினாடி. வருவதற்கு மட்டும் அதில் பாதி, அதாவது 0.1. எனவே பதில் வந்த நொடியில் சர்வரில் 5.2 வினாடி ஆகியிருக்கும். உங்களிடம் 0.2. நீங்கள் 5 வினாடி பின்தங்கி இருக்கிறீர்கள். போகவும் வரவும் ஒரே அளவு நேரம் ஆகிறது என்று கொண்டு போடும் கணக்கு இது. வீட்டு உபயோகத்துக்கு இந்தத் துல்லியம் தாராளம்.

நோய் என்ன என்று கண்டுபிடிப்பது எப்படி?

1. சில வினாடிகளோ சில நிமிடங்களோ வித்தியாசம் என்றால் அது படிகத்தின் இயல்பான பிசகு. இன்டர்நெட் வழியாகச் சரி செய்தால் போதும்.

2. நிமிடம் சரியாக இருந்து மணிக்கணக்கில் தவறினால், அல்லது சரியாக அரை மணி கூடக் குறைய இருந்தால், டைம் ஸோன் தவறு. சர்வர் அனுப்புவது உலகப் பொது நேரம் மட்டுமே. அதோடு ஐந்தரை மணி கூட்டி இந்திய நேரமாக்குவது உங்கள் விண்டோஸ். அமெரிக்காவின் பசிபிக் நேரம் தேர்வாகி இருந்தால் பன்னிரண்டரை அல்லது பதின்மூன்றரை மணி பின்தங்கும். எத்தனை முறை சர்வரைக் கேட்டாலும் இது சரியாகாது.

3. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் பல ஆண்டுகள் பழைய தேதி வந்தால், சிமாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டது.

சரி செய்வது எப்படி?

விண்டோஸ் 11இல் ஸ்டார்ட் அழுத்தி செட்டிங்ஸ் செல்லுங்கள். டைம் அண்டு லாங்வேஜ், பின் டேட் அண்டு டைம் தேர்ந்தெடுங்கள். முதலில் டைம் ஸோனில் சென்னை, கோல்கத்தா, மும்பை, நியூடெல்லி என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். செட் டைம் ஆட்டோமேட்டிக்கலி என்பதை ஆன் செய்யுங்கள். கீழே உள்ள சிங்க் நவ் பட்டனில் கிளிக் செய்யுங்கள். பழைய விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள், கடிகாரத்தில் கிளிக் செய்து கிடைக்கும் விண்டோவில் இன்டர்நெட் டைம் என்ற டேபைத் தேடுங்கள்.

தேதி வெகுவாக விலகி இருந்தால் விண்டோஸ் அந்தத் திருத்தத்தை ஏற்காமல் விடலாம். அப்போது தானியங்கி வசதியை ஆப் செய்து, தேதியையும் நேரத்தையும் கையால் மாற்றி, மீண்டும் ஆன் செய்து சிங்க் கொடுங்கள்.

பேட்டரி மாற்றும்போது கம்ப்யூட்டரை அணைத்து பிளக்கைக் கழற்றிவிடுங்கள். பழையதில் கூட்டல் குறி எந்தப் பக்கம் இருந்தது என்று பார்த்து அதே போல் புதியதைப் பொருத்துங்கள். பிறகு பயோஸ் செட்டிங்குகளை ஒரு முறை சரி பாருங்கள். லேப்டாப் என்றால் சர்வீஸ் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. கழற்றிய பேட்டரியைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

தட்காலுக்கு உதவுமா?

ரயில்வே தட்கால் முன்பதிவு ஏசி வகுப்புக்குக் காலை 10 மணிக்கும், ஏசி இல்லாத வகுப்புக்கு 11 மணிக்கும் தொடங்குகிறது. அங்கே செல்லுபடியாவது ரயில்வே சர்வரின் கடிகாரம்தான். உங்கள் கடிகாரத்தை ஒரு நிமிடம் முன்னால் தள்ளி வைத்தால் டிக்கெட் முன்னால் கிடைக்காது. ஆனால் அது ஒரு நிமிடம் பின்தங்கி இருந்தால், மற்றவர்கள் நுழைந்த பிறகுதான் நீங்கள் நுழைவீர்கள். எனவே முன்பதிவு நாளில் காலையிலேயே ஒரு முறை சிங்க் செய்துவிடுங்கள்.

அடுத்த முறை தளங்கள் எல்லாம் சேர்ந்தாற்போல் திறக்க மறுத்தால், மெக்கானிக்கை அழைக்கும் முன் திரையின் மூலையில் உள்ள தேதியையும் ஆண்டையும் பாருங்கள். ஆண்டு தவறாக இருந்தால் பார்மட் செய்யச் சம்மதிக்காதீர்கள்.