லட்ச ரூபாய்க்கு ஸ்பீக்கர் வாங்கப் போறீங்களா? முதல்ல உங்க ரூமை அளந்து பாருங்க!

பாட்டு கேட்பதற்கென்றே வீட்டில் ஒரு அறையை ஒதுக்கி, அதில் நல்ல 'புக்‌ஷெல்ஃப்' ஸ்பீக்கர் ஒரு ஜோடி வைக்க வேண்டும் என்பது பலரின் நீண்ட நாள் ஆசை. ஆனால் உயர்ரக மாடல்களின் விலை ஒரு லட்சத்தைத் தாண்டி பல லட்சங்கள் வரை போகிறது. அவ்வளவு கொடுத்து வாங்கிய பிறகு, ஷோரூமில் கேட்ட ஒலி வீட்டில் வரவில்லை என்றால்?

பெரும்பாலும் கோளாறு ஸ்பீக்கரில் இருக்காது. அறை, ஆம்ப்ளிஃபையர், வைத்த இடம் ஆகிய மூன்றில் ஏதோ ஒன்று அதற்குப் பொருந்தியிருக்காது. எனவே பணம் கட்டுவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்? இதோ விவரம்.

பேசிவ் ஸ்பீக்கர் என்றால் என்ன?

ப்ளூடூத் ஸ்பீக்கரை ஆன் செய்தால் போதும், பாடத் தொடங்கிவிடும். பேசிவ் ஸ்பீக்கர் அப்படி இல்லை. அதற்குள் ஆம்ப்ளிஃபையர் கிடையாது. கீழ், நடு ஒலிகளுக்கு வூஃபர், மேல் ஒலிகளுக்கு ட்வீட்டர், எந்த ஒலி எதற்குப் போக வேண்டும் எனப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர், இவ்வளவுதான் பெட்டிக்குள் இருக்கும்.

ஆம்ப்ளிஃபையரைத் தனியாக வாங்கி ஒயர் மூலம் இணைக்க வேண்டும். இதனால் செலவு கூடும். ஆனால் ஆம்ப் பழுதானால் அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ஸ்பீக்கர் பல ஆண்டுகள் அப்படியே ஓடும்.

சின்னப் பெட்டிக்கு ஏன் இவ்வளவு மவுசு?

1970களில் பிபிசி நிறுவனத்துக்கு ஒரு தேவை வந்தது. வெளியிடங்களில் ஒலிப்பதிவு செய்யும் வேனுக்குள், நெருக்கடியான இடத்தில் உட்கார்ந்து ஒலியைச் சரிபார்க்க ஒரு சிறிய ஸ்பீக்கர் வேண்டும். அப்படி உருவானதுதான் எல்எஸ்3/5ஏ. உயரம் சுமார் 30 சென்டிமீட்டர்தான். மனிதக் குரலை இயல்பாகக் கொடுத்ததால் வீடுகளிலும் இடம்பிடித்தது. இன்றும் சில நிறுவனங்கள் இதைத் தயாரிக்கின்றன.

அதே வழியில் வந்தது கேஇஎஃப் நிறுவனம் 2012ல் வெளியிட்ட எல்எஸ்50. அதன் மேம்பட்ட வடிவமான எல்எஸ்50 மெட்டா 2020ல் வந்தது. இவை சின்ன அறைக்கு ஏற்றவை. 'பெருசா வாங்கினா நல்லா கேக்கும்' என்ற கணக்கு எல்லா வீட்டிலும் செல்லாது.

அறை என்ன செய்யும்?

நம் வீடுகளில் சாதாரணமாக இருக்கும் 10க்கு 12 அடி அறையை எடுத்துக்கொள்வோம். எதிரெதிர் சுவர்களுக்கு இடையே குறிப்பிட்ட சில பேஸ் ஒலிகள் மோதித் திரும்பி, ஒன்றோடொன்று சேர்ந்து பெருகும். 12 அடி நீளத்தில் இது சுமார் 47 ஹெர்ட்ஸில் தொடங்கும். 10 அடி அகலத்தில் சுமார் 56 ஹெர்ட்ஸ்.

பேஸ் கிட்டாரின் 'ஏ' கம்பியை அப்படியே மீட்டினால் வருவது 55 ஹெர்ட்ஸ். ஆக, அந்த ஒரு ஸ்வரம் மட்டும் சுவர் ஓரத்தில் 'கும்' என்று இரையும், அறையின் நடுவில் காணாமல் போகும். இது ஸ்பீக்கரின் குற்றம் அல்ல. அதிக பேஸ் கொடுக்கும் மாடலை வாங்கினால் இரைச்சலும் அதிகமாகும். 10க்கு 10 சதுர அறை என்றால் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் பெருகுவதால் சிக்கல் இன்னும் கூடும்.

அடுத்தது எதிரொலி. சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல் ஆகியவற்றில் மேல் ஒலிகள் பட்டுத் திரும்பும். அறைக்குள் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்க. 'ணங்' என்று ஒலி நீண்டால், முதல் செலவு தரைவிரிப்புக்கும் கனமான திரைச்சீலைக்கும்தான். புத்தகம் நிறைந்த அலமாரி, மெத்தை சோஃபா ஆகியவையும் உதவும். மெல்லிய ஃபோம் ஒட்டினால் எதிரொலி ஓரளவு குறையும்; பேஸ் இரைச்சல் குறையாது.

எந்த எண்களைப் பார்க்க வேண்டும்?

முதல் எண் சென்சிட்டிவிட்டி. குறிப்பிட்ட அளவு மின்சாரம் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் வரும் என்பதை இது சொல்லும். எல்எஸ்50 மெட்டாவுக்கு 85 டெசிபல். பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் 805 டி4 மாடலுக்கு 88 டெசிபல். 3 டெசிபல்தானே என்று நினைக்க வேண்டாம். 3 டெசிபல் குறைந்தால், அதே சத்தத்துக்கு ஆம்ப் இரண்டு மடங்கு வாட்ஸ் கொடுக்க வேண்டும். 88 டெசிபல் ஸ்பீக்கருக்கு 25 வாட்ஸ் போதும் என்றால், 85 டெசிபலுக்கு 50 வாட்ஸ், 82 டெசிபலுக்கு 100 வாட்ஸ் தேவை.

இரண்டாவது எண் ஓம். அட்டையில் 8 ஓம் என்றிருந்தாலும் எல்லா ஒலியிலும் அது அப்படியே இருக்காது. எல்எஸ்50 மெட்டாவில் இது 3.5 ஓம் வரை இறங்கும். ஓம் குறையக் குறைய ஆம்ப் அதிக மின்சாரம் தர வேண்டும். திராணி இல்லாத ஆம்ப் சூடாகும், ஒலி சிதறும். 4 ஓம் ஸ்பீக்கரையும் தாங்கும் என்று ஆம்ப்பின் விவரக் குறிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கே வைப்பது?

பெயரில் 'புக்‌ஷெல்ஃப்' இருந்தாலும் அலமாரிக்குள் அடைத்து வைப்பது சரியான இடம் அல்ல. ஆடாத, கனமான ஸ்டாண்டில் வையுங்கள். உட்கார்ந்தால் ட்வீட்டர் உங்கள் காது உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே உள்ள தூரமும், ஒவ்வொன்றிலிருந்து உங்களுக்கு உள்ள தூரமும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும்.

சுவரை ஒட்டி வைத்தால் பேஸ் கூடும். காற்றுத் துளை பின்பக்கம் உள்ள மாடல் என்றால் இடைவெளி கட்டாயம். எல்எஸ்50 மெட்டாவுக்குப் பின்பக்கம், 805 டி4க்கு முன்பக்கம். ஒன்றிரண்டு அடி முன்னே நகர்த்தினாலே ஒலி மாறுவதைக் கேட்கலாம். இதற்குச் செலவு எதுவும் இல்லை.

ஒயருக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கணுமா?

தேவையில்லை. 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் 3 மீட்டர் நீளத்துக்குப் போட்டால், போய்வரும் தடை மொத்தம் சுமார் 0.04 ஓம்தான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே அல்ல. மிச்சமாகும் பணத்தை ஸ்டாண்டுக்கும் தரைவிரிப்புக்கும் கொடுங்கள்.

கடைக்குப் போகும்போது...

* நன்றாகப் பழகிய பாடல்களை எடுத்துச் செல்லுங்கள். ஒரு தனிக்குரல், ஒரு மிருதங்கம் அல்லது தவில், ஒரு வயலின் இருந்தால் போதும். கடைக்காரர் போடும் டெமோ பாட்டை மட்டும் நம்பாதீங்க.

* இரண்டு மாடல்களை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்க வேண்டும். கொஞ்சம் சத்தமாகப் பாடுவதுதான் காதுக்கு 'நல்ல ஸ்பீக்கர்' மாதிரி தோன்றும். போனில் டெசிபல் மீட்டர் ஆப் போட்டு சரிபார்க்கலாம்.

* உங்கள் ஆம்ப்பையே கொண்டுபோக முடியுமா, வீட்டில் ஓரிரு நாள் வைத்துக் கேட்கத் தருவார்களா, பிடிக்காவிட்டால் திருப்பி எடுப்பார்களா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். பதிலை பில்லில் எழுதி வாங்குங்கள்.

* இந்தியாவில் கம்பெனி வாரன்ட்டி உண்டா என்பதை உறுதி செய்யுங்கள். வெளிநாட்டிலிருந்து தனியாகக் கொண்டுவந்து விற்கப்படும் பெட்டிக்கு அது கிடைக்காமல் போகலாம்.

* கையில் உள்ள மொத்தத் தொகையையும் ஸ்பீக்கரிலேயே போட்டுவிடாதீர்கள். ஆம்ப், ஸ்டாண்டு, அறைக்கான செலவு ஆகியவற்றை முதலில் ஒதுக்குங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? விற்பதற்கு முன் ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து நகர்த்தி, தரையில் ஒரு விரிப்பைப் போட்டு, நாற்காலியை இரண்டடி முன்னே இழுத்துப் போட்டுக் கேளுங்கள். அதன் பிறகும் திருப்தி இல்லை என்றால் மட்டும் அடுத்த மாடலைப் பற்றி யோசிக்கலாம்.