பட்டறையிலிருந்து முதல்வர் நாற்காலிக்கு

ஐ.டி.ஐ. முதல்வர்களுக்கு இயந்திரம் அத்துப்படி. நிர்வாகம்?

வெர்னியர் காலிப்பரில் மில்லிமீட்டரின் ஐம்பதில் ஒரு பங்கை அளக்கச் சொல்லித் தந்த ஃபிட்டர் ஆசிரியர், பணிமூப்பால் ஐ.டி.ஐ. முதல்வராகிறார். மறுநாள் முதல் அவர் மேஜையில் டெண்டர், தணிக்கைக் கேள்விகள், காலிப் பணியிடங்கள். இவற்றைச் சமாளிக்க அவருக்கு முறையான பயிற்சி கிடைத்திருப்பது அரிது.

இந்தக் குறையின் விலை 2007-08இல் தெரியத் தொடங்கியது. தொழில் நிறுவனங்களுடன் சேர்ந்து 1,396 அரசு ஐ.டி.ஐ.களை மேம்படுத்தும் திட்டத்தை அப்போது மத்திய அரசு கொண்டுவந்தது. ஒவ்வொன்றுக்கும் ரூ. 2.5 கோடி வட்டியில்லாக் கடன். முதல் 10 ஆண்டுகளுக்குத் தவணை இல்லை. பிறகு 20 ஆண்டுகளில் கட்ட வேண்டும். நிர்வாகக் குழுவுக்குத் தொழிலதிபர் தலைவர், முதல்வர் உறுப்பினர் செயலர்.

மின்விசிறி வாங்கவும் மேலிடத்து அனுமதிக்குக் காத்திருந்து பழகியவர், திடீரென்று கோடிகளுக்குத் திட்டம் தீட்ட வேண்டியதாயிற்று. பல இடங்களில் பணம் செலவாகாமல் கிடந்ததைத் தணிக்கை அறிக்கைகள் சுட்டிக்காட்டின.

ஆசிரியர்களுக்குப் பயிற்சியே இல்லை என்று சொல்ல முடியாது. கற்பிக்கும் முறையைச் சொல்லித்தர மத்திய நிலையங்கள் இருக்கின்றன. பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்காக சென்னை, கல்கத்தா, போபால், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் 1960களிலேயே பயிற்சி நிலையங்கள் வந்துவிட்டன. ஆனால் பாடம் நடத்துவது வேறு, நிலையத்தை நடத்துவது வேறு. உள்ளூர் தொழிற்சாலைக்கு என்ன ஆள் தேவை என்று கேட்டறிவது, சக ஆசிரியர்களிடம் பொறுப்பைப் பகிர்ந்து கொடுப்பது, படித்துப் போனவர்களுக்கு வேலை கிடைத்ததா என்று விசாரிப்பது, எல்லாமே பழகித்தான் வர வேண்டும்.

முதல்வருக்கு மட்டும் பயிற்சி தந்தாலும் போதாது. வெல்டிங் ராடு தீர்ந்து வகுப்பு நிற்பதைத் தவிர்ப்பது ஸ்டோர் கீப்பர் கையிலும் கோப்பை நகர்த்தும் கிளார்க் கையிலும்தான் இருக்கிறது.

1950இல் சுமார் 50 நிலையங்களுடன் தொடங்கிய பயிற்சித் திட்டத்தில் இன்று 14,000க்கும் மேற்பட்ட ஐ.டி.ஐ.கள். 1,000 அரசு ஐ.டி.ஐ.களை மேம்படுத்த ரூ. 60,000 கோடித் திட்டத்துக்கு 2025 மே மாதம் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 50,000 பயிற்றுநர்களுக்குப் பயிற்சியும் அதில் அடக்கம். அதில் நிர்வாகப் பாடத்துக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே, வரும் பணம் பட்டறைக்குப் போகுமா, மீண்டும் வங்கியில் தூங்குமா என்பது தெரியும்.

பெரும்பாலான பிரிவுகளில் படிப்பு ஓராண்டோ ஈராண்டோதான். முதல்வர் நிர்வாகம் பழகும்வரை மாணவர் காத்திருக்க முடியாது.